மணமகளை அலங்கரிக்கும் மகள்

 

நம் வீட்டில் ஒரு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டால், மண்டபமும் சமையற்காரரும் முடிவானவுடன் அடுத்த பேச்சு எதைப் பற்றி? மணப்பெண்ணை அலங்கரிக்க யாரை அழைப்பது என்பதைப் பற்றித்தான். அவர் கேட்கும் தொகை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் முன்பணத்தைக் கொடுத்துத் தேதியை உறுதி செய்துகொள்கிறோம். வாழ்நாளில் ஒரு நாள்தானே என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

அதே வீட்டில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகள், "உம்மா, நான் மணப்பெண் ஒப்பனை கற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்கட்டும். உம்மா வாப்பாவைப் பார்ப்பார். வாப்பா நாளிதழைப் பார்ப்பார். "இதெல்லாம் நம் குடும்பத்துக்கு ஒத்துவருமா? நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று பதில் வரும். பிறர் வீட்டு மகள் செய்தால் கலை. நம் வீட்டு மகள் செய்தால் இழிவா? இந்தக் கேள்வியை உங்கள் முன் வைத்துவிட்டே மேலே செல்கிறேன்.

மணமகளை அலங்கரிப்பது நேற்று முளைத்த நாகரிகம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அரபு மொழியில் இத்தொழிலுக்கென்றே தனிப்பெயர் உண்டு. தலைவாரி அலங்கரிப்பவளை 'மாஷிதா' என்பார்கள். ஹிஜ்ரி 7-இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணக்கோலத்திற்கு ஆயத்தப்படுத்தியவர், அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காக அலங்கரித்ததை அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அவர்கள் தாமே எடுத்துரைக்கும் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. அவர்கள் அதைச் சொல்லத் தயங்கவில்லை. நாம் ஏன் தயங்குகிறோம்?

ஃபிர்அவ்னின் மகளுக்குத் தலைவாரிய பெண்மணியை மதரஸா மாணவிகள் அனைவரும் அறிவார்கள். கையிலிருந்த சீப்பு நழுவி விழுந்தபோது அவர் நாவிலிருந்து இறைவனின் பெயர் வந்தது. அதற்காகப் பிள்ளைகளையும் தம்மையும் கொதிக்கும் செப்புப் பாத்திரத்திற்குப் பலிகொடுத்த அந்த மாதின் நறுமணம் மிஃராஜ் இரவில் உணரப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியே வரும் அறிவிப்பை நாம் பயான்களில் கண்ணீரோடு கேட்கிறோம். அவர் பெயர் நமக்குத் தெரியாது. தொழிலின் பெயரால்தான் அவரை அழைக்கிறோம். அந்தத் தொழில் தலைவாரி அலங்கரிப்பது.

இது பெண்களின் தொழில்தானே, இதில் யார் குறுக்கே நிற்கப்போகிறார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். மும்பைத் திரையுலகில் ஒப்பனையாளர், சிகையலங்காரர் சங்கம் ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகப் பெண்களை ஒப்பனையாளராகச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. முடி அலங்காரம் பெண்களுக்கு, முகஒப்பனை ஆண்களுக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். நடிகையின் முகத்தைத் தொட்டு ஒப்பனை செய்யும் உரிமை ஓர் ஆணுக்கு உண்டு, முறையாகப் பயின்ற பெண்ணுக்கு இல்லை! சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, உதய் உமேஷ் லலித் ஆகியோர் அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். திரைத்துறைக்கு நம் பெண்களை அனுப்ப வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. பெண்ணின் முகத்தைப் பெண்ணே அலங்கரிக்க வேண்டும் என்ற, நமக்கு மிக இயல்பாகத் தோன்றும் ஒன்றுக்குக்கூட நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. நம் பெண்கள் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறு யாரேனும் வந்து நிரப்புவார்கள். மணமகள் அறைக்குள் ஆண் ஒப்பனையாளர் நுழையும் திருமணங்கள் இப்போது நம்மிடையிலும் நடக்கத் தொடங்கிவிட்டன.

சரி, மகள் கற்க வேண்டியது என்ன? கைப்பேசியில் நாலு காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குவதா?

ஒப்பனை என்பது வண்ணம் பூசுவதற்கு முன் தோலைப் படிக்கும் கல்வி. எண்ணெய்ப் பசையுள்ள தோல், வறண்ட தோல், இரண்டும் கலந்த தோல், எளிதில் சிவந்து தடிக்கும் தோல் என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பூச்சு. தோலின் மேல்நிறம் ஒன்று, உள்நிறம் வேறொன்று. ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்த்துத் தேர்வு செய்பவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். தாடை ஓரத்தில் தடவி, பகல் வெளிச்சத்தில் கழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாநிறப் பெண்ணுக்கு வெளுத்த பூச்சைப் பூசி, மண்டப விளக்கில் முகம் சாம்பல் பூத்தும் கழுத்து கறுத்தும் தெரிய மேடையில் உட்கார்த்தி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒப்பனைக்காரியின் மேல் அல்ல, "கொஞ்சம் சிவப்பாகத் தெரியும்படி போடுங்கள்" என்று அவர் காதில் சொன்ன மாமிமார்களின் மேல்தான் வருத்தம் வரும்.

கறுப்புக்கும் வெளுப்புக்கும் மேன்மை இல்லை என்று கற்ற சமுதாயம், நிக்காஹ் மேடையில் மட்டும் அதை மறந்துவிடுவது என்ன நியாயம்? இந்த ஆசை வெறும் ஆசையோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அந்நோயின் அரிதான ஒரு பிரிவு காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்குமுன் சிவப்பழகுக் களிம்பு தடவி வந்ததாக ஒப்புக்கொண்டார்கள். களிம்பிலிருந்த பாதரசத்தின் மேல்தான் மருத்துவர்களின் ஐயம் விழுந்தது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள், கண்ணுக்கான பூச்சில் பத்து லட்சத்தில் 70 பங்கும், மற்றவற்றில் தவிர்க்க இயலாமல் கலந்துவிடும் 1 பங்கும் தவிரப் பாதரசத்தை அனுமதிப்பதில்லை. உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத, வெளிநாட்டிலிருந்து யாரோ பையில் கொண்டுவந்த டப்பாவுக்கு எந்த விதி காவல்? நம் ஊர்களில் வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் பேரீச்சம்பழத்தோடு இத்தகைய டப்பாக்களும் வருகின்றன என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பெயரில்லாத களிம்பை மணமகளின் முகத்தில் தடவ மாட்டேன் என்று சொல்லும் துணிவு உங்கள் மகளுக்கு வேண்டும்.

சுர்மாவும் அப்படித்தான். இஸ்மித் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுவன எல்லாம் இஸ்மித் அல்ல. அவற்றுள் பல ஈயம் கலந்த கனிமப் பொடி என்பது பல நாடுகளின் ஆய்வுக் கூடங்களில் கண்டறியப்பட்ட உண்மை. மருதாணியின் கதை இன்னும் தெளிவானது. இலையை அரைத்து இட்ட மருதாணி ஆறேழு மணி நேரம் கையில் இருக்க வேண்டும். எடுத்தவுடன் செம்மஞ்சளாகத் தெரியும். ஓரிரு நாளில்தான் கருஞ்சிவப்பாக மாறும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கூம்பு எதுவாயினும், அதில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பாரா-ஃபீனைலீன்டையமின் என்ற இரசாயனம் இருக்கலாம் என்று ஐயப்படுங்கள். கொப்புளமும் தழும்பும் அதனால் வரும். ஆகவே நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்னதாக மருதாணி. காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்கும் சோதனை அதற்கும் முன்னதாக.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈமானின் பாதி என்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் அதே சுத்தம்தான். ஒரே உதட்டுச் சாயக் குச்சியை மணமகள், அவள் தங்கை, மாப்பிள்ளையின் அக்கா என்று மூன்று பேருக்கும் நேரடியாகப் பூசுபவரை வீட்டுக்குள் விடாதீர்கள். உலோகத் தட்டில் சிறிது சுரண்டி எடுத்து, அதிலிருந்துதான் பிரஷ்ஷால் பூச வேண்டும். இமை மைக்கான குச்சி ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பைக்கூடை. கண்நோயும் உதட்டுக் கொப்புளமும் பரவுவது இந்த வழியில்தான். திறந்த டப்பாவின் படத்துக்குள் 6, 12 என்று எண் அச்சிட்டிருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதன் குறி அது. தலைவாரும் பிரஷ்களில் பன்றி மயிர் கொண்டவையும் உண்டு. வாங்கும்போது கேட்டு, செயற்கை இழையில் செய்ததை வாங்கிக்கொள்ளலாம். உதட்டுச் சாயத்தில் 75470 என்ற எண்ணைக் கண்டால், அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு நிறம். அதைப் பற்றி உங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இனி, இத்தொழிலில் நம் பெண்ணுக்கு மட்டுமே வரும் சிக்கல்களுக்கு வருவோம். முதலாவது புருவம்.

புருவ முடியைப் பிடுங்குபவளையும் பிடுங்கிக்கொள்பவளையும் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, உம்மு யஅகூப் என்ற பெண்மணி நேரே அவர்களிடம் வந்து வாதிட்டார். தாம் குர்ஆனை முழுவதும் ஓதியிருப்பதாகவும் அதில் இதைக் காணவில்லை என்றும் கேட்டார். தூதர் தந்ததை ஏற்றுக்கொள்ளும்படிக் கூறும் வசனத்தை அவர்கள் நினைவூட்டினார்கள். அத்தோடு அவர் விடவில்லை. உங்கள் மனைவியே அப்படிச் செய்கிறார் போலும் என்றார். போய்ப் பாருங்கள் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தார், அப்படி ஒன்றும் இல்லை. கேட்கத் துணிந்த அந்தப் பெண்மணியை எனக்கு மிகவும் பிடிக்கும்! மீசைபோல் வளரும் முடி, இரு புருவங்களுக்கும் இடையிலுள்ள முடி ஆகியவை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புருவத்தை நூலால் வில்லாக வளைப்பதைப் பற்றிப் பெரிதாகத் தடுமாற வேண்டியதில்லை.

ஆனால் அழகு நிலையம் என்று பலகை மாட்டினால் அன்றாட வரும்படி பெரும்பாலும் அந்த நூலிலிருந்துதான் வருகிறது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. "அது இல்லாமல் எப்படிப் பிழைப்பது?" என்று மகள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆகவேதான் அழகு நிலையத்தைவிட மணப்பெண் ஒப்பனையை நான் பரிந்துரைக்கிறேன். அங்கே புருவம் ஒரு சிறு பகுதி மட்டுமே. நூல் இல்லாமலும் அதைச் சீராகக் காட்டலாம்: சிதறிய முடிகளைக் களிம்பால் படியவைத்து, இடைவெளியைப் பென்சிலால் நிரப்பி, விளிம்பில் தோலின் நிறத்திலேயே கன்சீலரை மெல்லிய கோடாக இழுத்தால் புகைப்படத்திலும் வேறுபாடு தெரியாது. இதற்குக் கை பழக வேண்டும். நூல் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர்; இதைச் செய்யத் தெரிந்தவர்கள் அரிது. அரிதானதற்கே விலை அதிகம்.

இரண்டாவது தொழுகை. நம் திருமணங்களில் மணப்பெண்ணின் தொழுகை எங்கே போகிறது என்று எவரேனும் கேட்கிறோமா? மாலை வரவேற்புக்கு மூன்று மணிக்கே ஒப்பனை நாற்காலியில் அமர்த்துகிறோம். அஸர் போகிறது, மஃரிப் போகிறது. முகம் கலைந்துவிடும் என்பது காரணம். மூத்தவர்களும் "அல்லாஹ் மன்னிப்பான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார்கள். விவரம் தெரிந்த ஒப்பனைக்காரியால் இதை மாற்ற முடியும். வேறு எவரையும்விட அவளால்தான் முடியும், ஏனெனில் அன்றைய மணிக்கணக்கு அவள் கையில். தமிழகத்தில் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40-க்கும் 6.45-க்கும் இடையில்தான். மணப்பெண் உளூச் செய்து அஸரைத் தொழுதபின் ஒப்பனையைத் தொடங்கினால், அதே உளூவோடு மஃரிபையும் தொழலாம். ஒப்பனை உளூவை முறிப்பதில்லை. உளூ முறிந்தபின் நீர் தோலைச் சேராமல் தடுப்பதுதான் சிக்கல். முகம் முடிந்து, தலைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்தி மஃரிபைத் தொழுதபின், நகையும் பூவும் சூட்டலாம். நகப்பூச்சு வேண்டாம்; மருதாணிச் சிவப்பு நீரைத் தடுக்காது. இடையில் உளூ முறிந்துவிட்டால்? பெட்டியில் ஒப்பனையைக் கலைக்கும் திரவம் இருக்கட்டும். மீண்டும் போட அரை மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கட்டும். முன்பணம் வாங்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும். "மணப்பெண் தொழுவாள், அதற்கேற்ப நான் வருவேன்" என்று சொல்லும் ஒப்பனைக்காரியை வேண்டாமென்று சொல்லும் முஸ்லிம் குடும்பம் எத்தனை இருக்கும்?

மூன்றாவது, இவை எல்லாவற்றிலும் கடினமானது: புகைப்படம்.

இன்று இத்தொழிலுக்கு விளம்பரப் பலகை இன்ஸ்டாகிராம்தான். ஒப்பனைக்கு முன், ஒப்பனைக்குப் பின் என்று இரண்டு முகங்களையும் அடுத்தடுத்துப் போட்டால்தான் அடுத்த முன்பதிவு வருகிறது. படம் போடாதவளுக்குத் தொழில் இல்லை என்று பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லித்தருகிறார்கள். பிறர் பார்க்கக் கூடாதென்று பெண்ணை மறைவாக உட்கார்த்தி வைத்திருக்கும் வீட்டில், அதே முகத்தை ஊரறியப் பரப்புகிறவள் நாம் அழைத்துவந்த ஒப்பனைக்காரியாக இருக்கிறாள். பெண்ணின் முகம் அவள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? முகப்பரு நிறைந்த 'முன்' படத்தை மாமியார் வீட்டார் பார்த்துக் கேலி பேசினால் அந்தக் காயத்துக்கு எந்தக் கன்சீலர்?

வழி இல்லாமல் இல்லை. மருதாணியிட்ட கைகளின் படம் போடலாம். பின்னலும் பூவும் தெரியப் பின்புறமிருந்து முக்காட்டின் மடிப்பை எடுக்கலாம். பெட்டியை, பிரஷ்களை, தட்டில் கலக்கும் நிறங்களைக் காட்டலாம். முகங்களை, அவரவர் அனுமதியோடு, அச்சிட்ட ஆல்பமாக வைத்துக்கொண்டு நேரில் வரும் பெண்களுக்கு மட்டும் காட்டலாம். இப்படிச் செய்தால் தொடக்கத்தில் முன்பதிவு மெதுவாகத்தான் வரும். அதை மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாய்மொழிப் பரிந்துரை ஓரிரு திருமணப் பருவம் கடந்தபின்தான் வேலை செய்யத் தொடங்கும். அதுவரை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்; "அவள் மகள் மட்டும் எப்படிச் சம்பாதிக்கிறாள் பார்" என்று ஒப்பிட்டுப் பேசக் கூடாது.

பயிற்சிக்கு வருகிறேன். ஐ.டி.ஐ.களில் 'காஸ்மெடாலஜி' என்ற பெயரில் ஓராண்டுப் பயிற்சி உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எல்லா ஊர் ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். தனியார் வகுப்புகளில் சேர்வதாயின், எத்தனை உண்மையான முகங்களில் பழகக் கொடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். பொம்மைத் தலையில் கற்றவளுக்கு வியர்க்கும் முகம் புதிது. பெட்டிக்காக வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். நாலைந்து ஃபவுண்டேஷன் நிறங்களைக் கலந்தால் நம் ஊரின் பெரும்பாலான தோலுக்குரிய நிறம் கிடைத்துவிடும். மற்றவற்றை வரும்படியிலிருந்தே ஒவ்வொன்றாக வாங்கலாம்.

வரும்படி யாருக்கு? பெண் ஈட்டியது பெண்ணுக்கு என்பதற்கு அன்னிஸா அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் இருக்கிறது. தகப்பனோ கணவனோ அதைத் தன் கடைக் கணக்கில் சேர்க்க உரிமை இல்லை. அவள் சம்பாதிக்கிறாள் என்பதற்காகக் கணவனின் செலவுப் பொறுப்பும் குறையாது. கணக்குப் புத்தகம் அவள் பெயரில் இருக்கட்டும். ஸகாத்தின் அளவை எட்டினால் அவளே கொடுக்கட்டும். உறவினர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: "நம் பெண்தானே" என்று இலவசமாகக் கேட்காதீர்கள். சமையற்காரர் மாமாவாக இருந்தாலும் அரிசிக்குப் பணம் கொடுக்கிறோமே!

இந்த வரும்படி மாதந்தோறும் ஒரே சீராக வராது என்பதையும் எழுதிவிட வேண்டும். ஷவ்வாலில் ஒரே நாளில் மூன்று வீடுகள் அழைக்கும்; பல ஊர்களில் முஹர்ரத்திலும் ஸஃபரிலும் ஒன்றுகூட வராது. ரமளானில் நிக்காஹ் அரிது. அந்த மாதத்தில் தராவீஹ் முடிந்தபின் பிரஷ்களைக் கழுவி உலர்த்தி, காலாவதியானவற்றைக் கழித்து, வீட்டிலேயே மருதாணி இலையை உலர்த்தி அரைத்துச் சலித்து வைக்கலாம். பிறை தெரிந்த இரவில் தெருவிலுள்ள சிறுமிகள் அனைவரும் கையை நீட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நிற்பார்கள்.